ஒன்றும் நடக்கவில்லை என்று நான் எழுதிய தேதி

போன மாதம் நீங்கள் மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்து, நம் காலண்டரின் ‘இதே நாளில்’ பகுதிக்கு எந்தப் புத்தகத்தை நம்பலாம், எந்த இணையதளத்தை நம்பலாம் என்று கேட்டீர்கள். அன்றைக்கு நான் பேச்சை மாற்றிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. ஏதோ ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டால், இப்போது உங்களிடம் இருக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்த பெரிய தவறைச் சொல்லாமலே அனுப்பியதாகிவிடும் என்று தோன்றியது. நேரில் சொல்ல அன்றைக்கு மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சிவகாசியில் ஆயிரம் விதமாக அச்சடிக்கிறார்கள். நம் பிரஸ்ஸில் தினசரி காலண்டர்தான் உயிர். தேதி, கிழமை, நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் போக, தாளின் அடியில் இரண்டு வரிக்கு இடம் இருக்கும். அந்த இரண்டு வரிதான் என் வேலை. வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து தடவை, முன்பு எப்போதோ அதே தேதியில் உலகத்தில் நடந்த ஒன்றைத் தேடிப் பிடித்து அதில் பொருத்த வேண்டும். பிரஸ்ஸில் என்னைத் ‘தேதியக்கா’ என்றே கூப்பிடுவார்கள். என் சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

சேர்ந்த புதிதில் ஒரு தலைமை ஆசிரியர் சாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். கையில் நம் காலண்டரின் ஜூலை இருபதாம் தேதித் தாள். மனிதன் நிலவில் கால் வைத்த நாள் என்று அதில் போட்டிருந்தேன். எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. அமெரிக்காவில் அது ஜூலை இருபது இரவு, ஆனால் அந்த நேரத்தில் நம் ஊரில் ஜூலை இருபத்தொன்று காலை, தான் அன்றைக்குப் பள்ளிக்கூடம் புறப்பட்டுக்கொண்டே வானொலியில் கேட்ட செய்தி அது என்றார். நிலாவில் இறங்கியவர்களுக்கு அது எந்தத் தேதியோ, தனக்கு அது இருபத்தொன்றுதான் என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

மறு வருடத்திலிருந்து ‘அமெரிக்க நேரப்படி’ என்று இரண்டு சொல் சேர்த்தேன். ஒரு தேதிக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய கடிகாரம் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். ஆனாலும் பாதிதான் உறைத்திருக்கிறது என்பது பின்னால் தெரிந்தது.

சில தேதிகள் வறண்டவை. என்ன தேடினாலும் ஒன்றும் சிக்காது. சிக்கினாலும் நம் ஆட்களுக்குப் புரியாத ஏதாவது ஒப்பந்தமாக இருக்கும். ஒரு வருடம் வேலை நெருக்கிய நேரத்தில் அப்படிப்பட்ட தேதி ஒன்று வைகாசியில் வந்தது. நான் கையில் இருந்த மூன்று புத்தகங்களைப் புரட்டினேன். எதிலும் இல்லை. இடத்தைக் காலியாக விட்டால் அச்சுப் பிழை என்பார்கள். அதனால் எழுதினேன்: ‘இந்நாளில் குறிப்பிடத்தக்க நிகழ்வு ஏதுமில்லை.’

அந்த வரி எனக்குப் பிடித்துக்கூட இருந்தது. படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டு பேர் படித்துத் திருத்தினார்கள். அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. தாள் அச்சாகி, அட்டையில் ஏறி, கடைக்காரர்கள் கையால் ஊர் ஊராகப் போய்விட்டது.

மறு வருடம் அந்தத் தேதி வந்தது. மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் இருப்பவர் வந்து, இரண்டு பொம்பளைகள் உங்களைப் பார்க்கணும் என்கிறார்கள் என்றார். ஒருத்திக்கு நாற்பது வயது இருக்கும். பெயர் சொர்ணம். கூட வந்தவள் அவள் தங்கை மகள் மலர்க்கொடி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். இருவரும் ஆமத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரிலிருந்து வந்திருந்தார்கள். உட்காரச் சொன்னேன். சொர்ணம் உட்காரவில்லை. முந்தானையில் சுருட்டி வைத்திருந்த அன்றைய தேதித் தாளை எடுத்து என் மேஜையில் விரித்தாள்.

“இதை எழுதுனது யாருக்கா?”

“நான்தான்.”

“நாலு வருசத்துக்கு முந்தி இதே தேதியிலதான் எங்க ஊரு பயர் ஆபீஸ் வெடிச்சுச்சு. என் தங்கச்சி பேச்சி அதுலதான் போனா. இன்னைக்கு வீட்டுக்கு வீடு விளக்கேத்தி வச்சிருக்கோம். நீங்க ஒண்ணும் நடக்கலைன்னு போட்டிருக்கீக. யாருட்டக்கா கேட்டீக?”

பட்டாசு ஆலையை நம் பக்கம் பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அந்த விபத்து எனக்குத் தெரியாதது இல்லை. அன்றைக்கு நம் பிரஸ்ஸின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எல்லோரும் மொட்டை மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தோம். வடக்கே புகை எழுந்து நின்றது. யார் வீட்டு ஆட்களோ என்று பேசிக்கொண்டோம். பிறகு கீழே இறங்கி வந்து, விட்ட இடத்திலிருந்து நான் பிழை திருத்தினேன். புகை ஞாபகம் இருந்தது. தேதி ஞாபகம் இல்லை. உலகத்துத் தேதியெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தவள் நான்.

புத்தகத்தில் இல்லை என்று முனகினேன்.

மலர்க்கொடி அப்போதுதான் வாயைத் திறந்தாள். “புத்தகத்துல இல்லைன்னு போட்டிருக்கலாம்ல.”

தேடிக் கிடைக்காததும் நடக்காததும் ஒன்றில்லை. இதை எனக்குச் சொன்னது ஒரு பதினேழு வயதுப் பெண். அவள் தாயை இழந்த தேதியின் தாள் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். சொர்ணம் தலையை மட்டும் ஆட்டினாள். கேட்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளை மறுபடியும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர்கள் வாசலைத் தாண்டிய பிறகுதான் எனக்கு அடுத்த அதிர்ச்சி. அடுத்த வருடத்துத் தாள்களுக்கும் அந்தத் தேதிக்கு அதே வரியைத்தான் கொடுத்திருந்தேன். ஆடிப்பெருக்கன்று புது வருடத்து மாதிரிகளை வெளியிட வேண்டும். அதற்காக, அவர்கள் வந்த அன்றைக்கே வைகாசித் தேதித் தாள்கள் மெஷினில் ஏற இருந்தன. செருப்பைக்கூட மாட்டாமல் மெஷின் ஹாலுக்கு ஓடினேன். அங்கே போர்மேன் சங்கரலிங்கம் அண்ணாச்சி முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, மெஷினை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்.

“எம்புட்டு நேரம்னு சொல்லுங்க. முதலாளி வந்தா நான் என்ன சொல்ல?”

நாளை மத்தியானம் வரைக்கும் என்றேன். அவர் வேறு மாதத்துத் தாளை முன்னால் ஏற்றிக்கொண்டார். அதை என்னிடம் ஓர் உதவி மாதிரிகூடச் சொல்லிக் காட்டவில்லை.

என் இடத்துக்கு வந்து, பெரிய கலைக்களஞ்சியம் ஒன்றை நூலகத்திலிருந்து வரவழைத்துத் தேடினேன். அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. எங்கோ ஒரு வெளிநாட்டில் அதே தேதியில் ஒரு பாலம் திறந்திருக்கிறார்கள். உண்மையான செய்திதான், தப்பில்லை. அண்ணாச்சி படித்துப் பார்த்துவிட்டு, இதைப் போட்டால் பிரச்சினை முடிந்தது என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தாளில் எழுதிக்கூட விட்டேன். ஆனால் கையெழுத்துப் போட்டு அனுப்ப முடியவில்லை. பாலம் நிஜம். அதை நான் போடப்போகும் காரணம்தான் சரியில்லை. அடுத்த வருடம் சொர்ணம் அந்தத் தாளைக் கிழிக்கும்போது என்னைக் கேள்வி கேட்க முடியாது என்பதற்காக மட்டுமே அந்தப் பாலத்தை நான் தேடியிருந்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அந்த ஊருக்குப் போனேன். சொர்ணம் என்னை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும், வாங்கக்கா என்று கூப்பிட்டு, மோர் கொடுத்தாள். அவரவர் வீட்டில் திதி பார்த்துத் தனியாகக் கும்பிட்டுக்கொள்வார்களாம். ஊர் முழுக்க ஒன்றாக விளக்கேற்றுவது மட்டும் இங்கிலீஷ் தேதிக்கு. வாசல்களில் முதல் நாள் எரிந்த அகல்கள் அப்படியே இருந்தன. நான் கேட்க வந்ததைக் கேட்டேன். அன்றைக்கு என்ன நடந்தது?

சொர்ணம் திரி வைக்கும் அறையில் இருந்திருக்கிறாள். பேச்சி இரண்டு அறை தள்ளி. வெடித்ததும் எல்லோரும் வேலிப் பக்கம் ஓடினார்கள். பாதி தூரம் ஓடிய சொர்ணம் திரும்பியிருக்கிறாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கு பெண்கள் திரும்பினார்கள். சாக்கை நனைத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய், நடக்க முடியாதவர்களை ஒவ்வொருவராக இழுத்து வெளியே கொண்டுவந்து போட்டார்கள். பேச்சி இருந்த அறையை மட்டும் நெருங்க முடியவில்லை. இதைச் சொல்லும்போது சொர்ணத்தின் குரல் மாறவில்லை. மோர்ச் செம்பின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முழங்கை வரைக்கும் தோல் வேறு நிறத்தில் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அதற்கப்புறம் அவள் சொன்னதுதான் நான் எதிர்பாராதது. அன்றைக்கு அந்த ஊரில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடித்துப் பந்தி நடந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்டதும் மாப்பிள்ளைதான் முதலில் எழுந்து ஓடியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் வந்த வேனில் கட்டியிருந்த வாழைக்கன்றையும் பூச்சரத்தையும் பிய்த்து எறிந்துவிட்டு, காயம்பட்டவர்களை ஏற்றி விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு மூன்று நடை போயிருக்கிறார்கள். கல்யாணப் பெண் பட்டுச் சேலையோடு முதல் நடையில் போய், ஒருத்தியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து இரண்டு வரி எழுதிப் படித்துக் காட்டினேன். இதே நாளில் நம் மாவட்டத்தில் பட்டாசு ஆலை விபத்தில் சிக்கிய பலரைப் பெண் தொழிலாளர்கள் துணிந்து மீட்டனர் என்று. நல்ல வரி என்று நினைத்தேன்.

சொர்ணம் இல்லை என்று தலையசைத்தாள். “மீட்டோம்னு மட்டும் போட்டா, பேச்சி எங்கன போனா?”

அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். ‘இதே நாளில் நம் மாவட்டத்தில் பட்டாசு ஆலை விபத்தில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். உடன் வேலை செய்த பெண்களும் கல்யாண வீட்டாரும் பலரை மீட்டனர்.’ சொர்ணத்துக்கு எழுத்துத் தெரியாது. மலர்க்கொடி இரண்டு தடவை படித்துக் காட்டினாள். பிறகு சொர்ணம், இது சரி என்றாள்.

பிரஸ்ஸுக்கு வந்தபோது முதலாளி என் நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நல்ல மனிதர், ஆனால் வியாபாரி. என் தாளை வாங்கிப் படித்தார். அவருக்கு இரண்டு கவலை. நம் காலண்டரை வாங்குவதில் பாதிப் பேர் பட்டாசுக் கடைக்காரர்கள். விபத்து என்ற சொல்லைத் தங்கள் கடைப் பெயருக்குக் கீழே தொங்கவிட அவர்கள் சம்மதிப்பார்களா என்பது ஒன்று. அடுத்த வருடம் அந்தத் தேதி முகூர்த்த நாள் என்பது இன்னொன்று. கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவர்கள் முதலில் புரட்டுவது அந்தத் தாளைத்தான். அதில் சாவைப் பார்த்தால் மனம் சங்கடப்படும் என்றார். நியாயமான கவலைகள்தான். நீங்களும் ஒருநாள் இதே கவலைகளைக் கேட்பீர்கள். கேட்கும்போது அவற்றை அற்பம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் அந்தக் கல்யாண வேனைப் பற்றிச் சொன்னேன். அன்றைக்கும் முகூர்த்தம்தான் என்று சொன்னேன். வாசலருகே நின்ற அண்ணாச்சி மெதுவாக ஒன்று சொன்னார்.

“அக்டோபர் ரெண்டுல காந்தி பொறந்ததையும் போடுதோம். நம்ம விருதுநகர்ல பொறந்த தலைவர் மறைஞ்சதையும் போடுதோம். ஒரே தாளுதான் முதலாளி. அதுக்காக யாரும் காலண்டரைத் திருப்பித் தரலையே.”

முதலாளி தாளை இன்னொரு தடவை படித்தார். என் பேனாவை வாங்கி, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார். எந்தக் கம்பெனி பெயரும் வரக் கூடாது, எந்த ஆள் பெயரும் வரக் கூடாது, நடந்தது மட்டும் வரட்டும் என்றார். எழுந்து போகும்போது, இடம் போதாது, அன்றைய பொன்மொழியை எடுத்துவிடுங்கள் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் சொன்ன நேரத்துக்குத் தாள் மெஷினில் ஏறியது.

அடுத்த வருடம் அந்த நாள் வந்தது. இரண்டு கடைக்காரர்கள் கோபமாகக் கடிதம் போட்டார்கள். ஒருவர் ஆர்டரை வேறு பிரஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டார். முதலாளி அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர், வேறு ஊரிலிருந்து ஒரு குடும்பம், கையில் ஒரு தேதியோடு. இந்த மண்ணில் அப்படித் தேதிகள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் கேட்டேன். முடிந்தவரை நேரில் போய்க் கேட்டேன். எல்லோரும் போடச் சொல்லவில்லை. இறந்துபோனவரின் அண்ணன் ஒருவர் ஒரு ஊரிலிருந்து வந்து போடச் சொன்னார். நான் போய்ப் பார்த்தபோது அவருடைய அப்பா வேண்டாம் என்றார். அந்தத் தாளைக் கிழிக்கத் தன் கையில் தெம்பில்லை என்றார். அந்தத் தேதியில் அப்பா சொன்னபடியே விட்டுவிட்டேன். அந்த இரண்டு வரியில் ஒரு பறவைகள் சரணாலயம் திறந்த செய்தியைப் போட்டேன். அந்தத் தடவை அது மறைப்பதற்காக இல்லை. போட்டது ஒரே மாதிரி செய்திதான், ஆனால் முதலில் தேடிய பாலத்துக்கும் இதற்கும் இருக்கும் வித்தியாசம் உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

மலர்க்கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் தொழில் பாதுகாப்புப் படிப்பில் சேர்ந்தாள். எங்கள் வரியால் சேர்ந்தாள் என்று சொன்னால் அது பொய். அவள் என்னைப் பார்க்க வந்தபோதே மனுப் போட்டிருந்தாள். படித்து முடித்து, தன் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பட்டாசு ஆலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராகச் சேர்ந்தாள். ஒரு அறைக்கு இத்தனை பேர், ஒரு தடவைக்கு இவ்வளவு வெடிமருந்து, அதற்கு மேல் என்றால் கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்வாளாம். முதலில் பெண்களே அவளைத் திட்டினார்கள். வாரம் ஒரு தடவை மணியடித்து எல்லோரையும் வேலிக்கு வெளியே ஓட வைப்பாள். கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு எதற்கு இந்த ஓட்டம் என்று, அங்கேயே வேலை பார்த்த சொர்ணமே சலித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். வருடா வருடம் வைகாசியில் அந்தத் தேதியன்று வேலை தொடங்கும் முன்னால் நம் தாளை அவள் சத்தமாகப் படிப்பாள். அதற்குப் பிறகுதான் அறைகளைத் திறப்பாள்.

நான் ஓய்வு பெற்ற வருடம், சித்திரை வெயிலில் ஒரு காலை, அவளிடமிருந்து போன் வந்தது. தங்கள் ஆலையில் தீப்பிடித்துவிட்டது என்றாள். எத்தனை பேர் என்று கேட்கப் பயமாக இருந்தது. அவளே சொன்னாள்.

“ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லக்கா. மணியடிச்ச ஒடனே எல்லாரும் வெளிய வந்துட்டாக. மூணு அறை போச்சு. அம்புட்டுத்தான். நீங்க வந்து கேட்டுட்டு எழுதுறீகளா?”

ஆட்டோ பிடித்துப் போனேன். வேலிக்கு வெளியே வேப்பமர நிழலில் பெண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முகமெல்லாம் சாம்பல். மலர்க்கொடி பெயர் வாசித்து முடித்திருந்தாள், இருந்தும் மறுபடி வாசித்தாள், எனக்காக. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் பதில் சொன்னது. தேதியை எழுதிக்கொண்டேன். நான் போட்ட கடைசி ‘இதே நாளில்’ வரி அதுதான். தீ விபத்தில் தொழிலாளர்கள் அனைவரும் நலமாக வெளியேறினர் என்று. இப்போது உங்கள் கோப்பில் இருக்கிறது. இனி அதை வைப்பதும் எடுப்பதும் உங்கள் முடிவு. எப்படி முடிவு செய்தாலும் அங்கே போய்க் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கிளம்பும் நேரத்தில் பார்த்தேன். சொர்ணம் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். எங்கேயாவது அடிபட்டிருக்கிறதோ என்று பயந்து பக்கத்தில் போனேன். அவள் புதுத் தூக்குவாளி உள்ளேயே எரிந்துபோய்விட்டதாம், போன வாரம்தான் வாங்கியதாம், ஓடும்போது எதையும் எடுக்கக் கூடாது என்று இந்தப் பிள்ளை சட்டம் போட்டிருக்கிறாளாம். அதில் இருந்த குழம்பு வேறு நல்லா வாய்த்திருந்ததாம். பக்கத்திலிருந்தவள் முதலில் சிரித்தாள். பிறகு மரத்தடி முழுக்கச் சிரித்தது. சொர்ணமும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ ஒருத்தி ஓடிப்போய்ப் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் ஒரு பானைக் கஞ்சி வாங்கி வந்தாள். எனக்கும் ஒரு செம்பு கொடுத்தார்கள்.